கம்பியும் குடியாட்சியும்

நிகராகுவாவுக்கும் பனாமாவுக்கும் இடையே அமைந்த சிறு நாடு கோஸ்டாரிக்கா. 1948 ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போருக்குப் பின் ஹோசே பிகேரஸ் தலைமையில் ஆட்சி ஏற்ற குழு, நாட்டின் படையையே கலைத்துவிட்டது. அக்குழுவே 1949 ஏப்பிரலில் அரசு மின்சாரக் கழகத்தையும் நிறுவிற்று. 'ஈசே' என்பது அதன் வழக்குப் பெயர்.

அந்நாளில் தொலைபேசி அயல்நாட்டு மூலதனத்தார் வசம் இருந்தது. மக்கள் நெருங்கி வாழும் தலைநகரில் இலாபம் உண்டு; மலையகச் சிற்றூருக்குக் கம்பி இழுத்தால் நட்டமே மிஞ்சும். 1963 இல் இயற்றப்பெற்ற சட்டம் தொலைபேசிப் பொறுப்பையும் ஈசேயிடம் ஒப்படைத்தது. நகரத்து வருவாய் நாட்டுப்புறத்துக்குப் பயன்பட வழி பிறந்தது.

இணையத்தைக் கொணர்ந்தவர்கள் பல்கலைக் கழகத்தார். இயற்பியல் பேராசிரியர் கீ டெ டெராமொண்டின் முயற்சியால், 1993 சனவரியில் கோஸ்டாரிக்காப் பல்கலைக் கழகம் உலக இணையத்தோடு இணைந்தது.

2000 மார்ச்சில் ஈசேயின் துறைகளைத் தனியாருக்குத் திறக்கும் மசோதாவுக்குச் சட்டமன்றம் முதல் இசைவு அளித்தது. மாணவரும் தொழிலாளரும் உழவரும் சாலைகளை மறித்தனர். சட்டம் இயற்றிய முறை அரசியலமைப்புக்கு மாறானது என நீதிமன்றம் தீர்ப்பளிக்க, மசோதா கைவிடப்பட்டது.

எனினும் மாற்றுக் கட்சியாரின் வாதத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். செல்பேசி இணைப்புக்காக மக்கள் நெடுநாள் காத்துக் கிடந்தனர். போட்டியின்றேல் விரைவும் இல்லை என்றனர் அவர்கள். 2007 அக்டோபர் 7 அன்று, தொலைத்தொடர்பைத் திறந்துவிடும் கடப்பாடு அடங்கிய வாணிக உடன்படிக்கை பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஏறத்தாழ 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 2008 இல் புதுச் சட்டம் பிறந்தது. 2010 இல் அரசியலமைப்பு நீதிமன்றம், சந்தையைத் திறப்பதில் நேர்ந்த தாமதத்தைக் கண்டித்து, இணைய வசதி அடிப்படை உரிமை என்று உரைத்தது. 2011 இறுதியில் தனியார் செல்பேசிப் பணி தொடங்கிற்று.

மாணவ நண்பர்களே, பழைய கொள்கை முற்றும் அழிந்துவிடவில்லை. இலாபம் தராத ஊர்களுக்கும் ஏழை இல்லங்களுக்கும் இணைப்பு வழங்க, நிறுவனங்களிடம் தொகை திரட்டும் நிதியம் ஒன்றை அப்புதுச் சட்டமே அமைத்தது. கம்பியின் உரிமையாளர் மாறலாம். கடைக்கோடிச் சிற்றூருக்கு அது சென்றாக வேண்டும் என்னும் கடமை மாறலாகாது. அதனைக் காப்பது விழிப்புள்ள குடிமக்களின் பொறுப்பாகும்.