சப்ரகமுவவில் சரக்கு லொறி அனுமதிகள்

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்குள் சரக்கு ஏற்றிச் செல்லும் லொறிகள் வைத்திருக்க வேண்டிய பத்திரங்கள் இக்கட்டுரையின் பொருள். தமிழ்நாட்டில் 'பர்மிட்' என்றால் அது வண்டிக்கு உரியது. இங்கே அது பெரும்பாலும் ஏற்றிய பொருளுக்கு உரியது. குருவிட்டவிலிருந்து இரத்தினபுரிக்கு வெறுமையாக ஓடும் லொறியை மறிக்கும் பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரம், வருமான உத்தரவுப்பத்திரம், காப்புறுதி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அதே லொறியில் பலாக் குற்றியோ மணலோ கழிவுத் தேயிலையோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடதாசி கேட்பார்கள். அவற்றைக் கொடுக்கும் அலுவலகங்களும் வேறு வேறு.

வீதிக்கு முன்பு இப்பகுதியின் பாரத்தைச் சுமந்தது ரயில். களனிப் பள்ளத்தாக்கின் 762 மில்லிமீற்றர் அகலக் குறும்பாதை 1902இல் அவிசாவளைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓபநாயக்கவுக்கும் வந்தது. குருவிட்டவும் அதில் ஒரு நிலையம். தோட்டங்களின் தேயிலைப் பெட்டியும் இறப்பர் ஷீட்டும் அவ்வழியே கொழும்புக்குப் போயின. 1930களில் லொறிகள் பெருகியபோது உலகெங்கும் ரயில்வேக்கள் வருமானம் இழந்தன. பிரித்தானியா 1933இலும், அமெரிக்கா 1935இலும், இந்தியா 1939இலும் லொறித் தொழிலுக்கு அனுமதி முறையைச் சட்டமாக்கின. வீதிப் பாதுகாப்பும் பேசப்பட்டது உண்மைதான். ஆனாலும் ரயிலைக் காப்பாற்றும் எண்ணம் அந்தச் சட்டங்களில் பலமாகவே இருந்தது. இலங்கையின் 1938ஆம் ஆண்டு மோட்டார் கார் கட்டளைச் சட்டம் அதே காலத்தது. அதன் இடத்துக்கு வந்த 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. குறும்பாதைக்கோ அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1976இல் மூடப்பட்டது. அதன்பின் குருவிட்டவின் முழுப் பாரமும் ஏ-4 வீதியில் இறங்கியது.

பொருளுக்கு அனுமதி கேட்கும் வழக்கம் இந்த மோட்டார் சட்டங்களுக்கும் மூத்தது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் மரம் ஏற்றிச் செல்வதைக் கட்டுப்படுத்தியது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மூன்றையும் வெட்டுவதற்கே அனுமதி வேண்டும் என்றது. மூன்றும் உணவு தரும் மரங்கள். அரிசித் தட்டுப்பாட்டை அனுபவித்த தலைமுறை எழுதிய சட்டம் அது. ஆகவே வீட்டுத் தோட்டத்துப் பலாவை மரஆலைக்குக் கொண்டுபோக முதலில் வெட்டும் அனுமதி, பிறகு ஏற்றும் அனுமதி என இரண்டு வேண்டும். கிராம உத்தியோகத்தரின் சிபாரிசோடு விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போகிறது. ஏற்றும் பத்திரத்தில் மர இனம், குற்றிகளின் எண்ணிக்கை, நீளம், சுற்றளவு, லொறி இலக்கம், செல்லும் பாதை, திகதி எல்லாம் எழுதப்படும். மறிக்கும் அதிகாரி நாடாவை எடுத்துக் குற்றியை அளந்து பார்ப்பார். கடதாசியில் ஏழு, லொறியில் எட்டு என்றால் மரத்தோடு லொறியும் பொலிஸ் நிலையத்துக்குப் போகும். மாலை 6 மணிக்குப் பின் காலை 6 மணி வரை மரம் ஏற்றிச் செல்லவே கூடாது.

தோட்டத் தமிழருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. விண்ணப்பிப்பவர் காணி தமக்குரியது என்று காட்ட வேண்டும். லயத்துக்குப் பின்னால் தாத்தா நட்ட பலாவுக்குப் பேரனிடம் உறுதி கிடையாது. நிலம் அரசினுடையது அல்லது கம்பனியின் குத்தகையில் உள்ளது. மரத்தை வளர்த்த குடும்பம் அதன் பெயரில் ஒரு கடதாசிகூட எடுக்க முடியாது. காணியுரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேசுவோர் இந்தச் சின்ன விடயத்தை அதிகம் சொல்வதில்லை.

பொருள் அனுமதி மக்களை மிகவும் வருத்தியது 1970களில்தான். 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தது. தனியார் அரிசி கொண்டுசெல்வதைத் தடுக்க வீதிகளில் தடைமரங்கள் வைக்கப்பட்டன. பஸ்ஸில் போகிறவரின் உமலையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். வயல் இல்லாத தோட்டங்களில் 1973, 1974இல் பசியால் மரணங்கள் பெருகியபோது, அரிசி ஓரிடத்தில் இருந்தும் இன்னோரிடத்துக்கு வரமுடியாத நிலையும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. 1977இல் ஆட்சி மாறிய பின் அந்தத் தடைகள் அகன்றன.

தேயிலைக்கு 1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. சிற்றுடைமையாளரிடம் கொழுந்து சேர்த்துத் தொழிற்சாலைக்கு ஏற்றும் வியாபாரி தேயிலை ஆணையாளரிடம் பதிந்திருக்க வேண்டும். கழிவுத் தேயிலையை வைத்திருக்கவும் ஏற்றவும் தனி அனுமதி தேவை. நல்ல தேயிலையில் அதைக் கலந்து விற்பார்கள் என்பதே பயம். அனுமதியின்றிக் கழிவுத் தேயிலை ஏற்றிய லொறி பிடிபட்ட செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருவதால் பயம் வீண் என்று சொல்ல முடியாது.

மணல், கிரவல், கருங்கல் ஆகியவை 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் கொடுக்கும் ஏற்றிச்செல்லும் பத்திரத்தில் டிப்பரின் இலக்கமும் எத்தனை கியூப் என்பதும் இருக்கும். ஒரு கியூப் 100 கன அடி. 2019 டிசம்பரில் அரசாங்கம் மணலுக்கும் மண்ணுக்கும் இந்தப் பத்திரம் வேண்டாம் என்று அறிவித்தது. லொறிக்காரர் மகிழ்ந்தார்கள், ஆறுகள் தோண்டப்படும் வேகத்தைக் கண்ட சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2020இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை இடைநிறுத்தியது. களு கங்கைக் கரைகளைப் பார்த்தவர்கள் நீதிமன்றத்தின் பக்கமே நிற்பார்கள்.

மாகாணத்துக்கு என்ன அதிகாரம்? 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மாகாணத்துக்குள் பயணிகள் சேவையையும் மோட்டார் வாகனத்தில் சரக்கு ஏற்றுவதையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பை மாகாண சபைப் பட்டியலில் சேர்த்தே வைத்தது. பஸ்ஸுக்கு மாகாண அதிகார சபை வந்தது, வழித்தட அனுமதி வந்தது. லொறிக்கு அப்படியான வழித்தட அனுமதி இல்லை. மாகாணம் வாங்குவது வருடாந்த வருமான உத்தரவுப்பத்திரக் கட்டணம். அதைப் பெற லொறிக்குத் தகுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் காட்ட வேண்டும். இலக்கத் தகட்டில் சப்ரகமுவவைக் குறித்த 'எஸ்.ஜி.' எழுத்துகளும் 2023 முதல் புதிய தகடுகளில் இல்லை. அரசியலமைப்பு கொடுத்த அதிகாரத்தில் பாதியை மாகாணம் எடுத்துப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நெருக்கடிக் காலங்களில் தற்காலிக அனுமதிகளும் வந்து போயின. 2020 ஊரடங்கில் அத்தியாவசியப் பொருள் லொறிகளுக்குப் பொலிஸ் பாஸ் தேவைப்பட்டது. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது லொறிக்கு வாரத்துக்கு 50 லீற்றர் என ஆரம்பித்தார்கள். 2023 செப்டெம்பரில் அம்முறை நீக்கப்பட்டது.

காணியில் மரம் விற்க நினைப்பவர் லொறிக்காரரிடம் கூலி பேசுவதற்கு முன் கிராம உத்தியோகத்தரைக் காண்பது நல்லது. முற்பணம் கொடுத்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருந்தால், நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் லொறிக்காரர் காசு கேட்பார்.