மைவந்த் துப்பாக்கி: ஒரு திருத்தம்

1990களில் இஸ்லாமாபாத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறை நாளில் பெஷாவருக்குப் போனேன். அங்கே பழம்பொருட் கடையொன்றில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி ஒன்றைக் கையில் தந்தார்கள். மைவந்த் போரில் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தது என்றார் கடைக்காரர். அதன் வலப்புறத்தில் கிரீடமும், கீழே விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் வீ.ஆர். என்ற எழுத்துகளும் இருந்தன. எனக்கு அதுவே போதுமாயிருந்தது. படம் எடுத்துக்கொண்டேன். பிறகு மாணவர் மலரொன்றில், மைவந்தின் சாட்சியைத் தொட்டுப் பார்த்தேன் என்று எழுதியும் விட்டேன்.

அண்மையில் அந்தப் படத்தை அக்கரைப்பற்று நண்பரொருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "மச்சான், ஒன்ன நல்லாப் பேய்க்காட்டியிருக்கான். வருஷத்தப் பாரு, 1906!" என்றார்.

மைவந்த் போர் நடந்தது 1880 ஜூலை 27இல். மகாராணி காலமானது 1901 ஜனவரியில். 1906இல் அரசாங்கம் செய்த துப்பாக்கியென்றால் அதில் எட்வர்ட் மன்னரின் ஈ.ஆர். அல்லவா இருக்கவேண்டும்? இன்னும் உற்றுப் பார்த்தோம். என்ஃபீல்ட் என்ற தொழிற்சாலைப் பெயரில், ஆங்கில 'என்' எழுத்து இடம்வலமாகப் புரண்டு கிடந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒரு கொல்லர் எழுத்தைச் சித்திரமாகப் பார்த்துக் கொத்தியிருக்கிறார்.

மார்ட்டினி-ஹென்றியை பிரித்தானியப் படை 1871இல் ஏற்றுக்கொண்டது. 1888இல் லீ-மெட்ஃபோர்ட் அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் எல்லைப்புறப் பட்டாணியர் மத்தியில் அதன் மவுசு குறையவில்லை. பெஷாவருக்குத் தெற்கே கோஹாட் பாதையிலுள்ள தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில், அரத்தையும் கைத்துளைப்பானையும் கொண்டே அதைப் பிரதி செய்தார்கள். காபூலில் அமீர் அப்துர் ரஹ்மானின் ஆயுதச்சாலையிலும் இவ்வகைத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. எனவே ஒன்றைக் கண்டால் மூன்று வழி யோசிக்க வேண்டும்: இங்கிலாந்தில் செய்ததா, காபூல் அரசு செய்ததா, எல்லைப்புறக் கொல்லர் செய்ததா?

முதலில் முத்திரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும். பிறகு வேலைப்பாடு. தொழிற்சாலை முத்திரை நேராக, ஒரே ஆழத்தில் பதியும். கையால் கொத்திய எழுத்து அலையும். மரமும் இரும்பும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா, திருகாணிகள் ஒரே சீராக உள்ளனவா என்பதும் முக்கியம். சுட்டுப் பார்த்துச் சோதிப்பது மடத்தனம். எங்கிருந்து வந்த இரும்பென்று தெரியாத குழல் முகத்திலேயே வெடிக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அது என்ஃபீல்ட் துப்பாக்கி என்றுதான் நிரூபணமாகும். மைவந்த் துப்பாக்கி என்றல்ல. மைவந்தில் நின்ற காலாட்படைகளில் 66ஆம் பிரித்தானியப் படைப்பிரிவிடம்தான் மார்ட்டினி-ஹென்றி இருந்தது. இந்தியச் சிப்பாய்களிடம் இருந்தவை பழைய ஸ்னைடர்கள். 1857க்குப் பிறகு புதிய ஆயுதத்தை இந்தியர் கையில் கொடுக்க வெள்ளையருக்கு மனம் வரவில்லை. ஆகவே படைப்பிரிவின் அடையாளத்தைத் தேடவேண்டும். அது பெரும்பாலும் கட்டையின் அடித்தகட்டில் இருக்கும். அந்தத் தகட்டையும் இரண்டு திருகாணியைக் கழற்றினால் மாற்றிவிடலாம்!

விலையும் இதைப் பொறுத்ததே. கை படாத அசல், கறை படிந்திருந்தாலும் மதிப்புடையது. கட்டையைத் தேய்த்து இரும்பை மினுக்கினால் முத்திரைகள் மங்கி மதிப்பும் போய்விடும். பிரதி அதைவிடக் குறைந்த விலைக்கே போகும்.

நம் ஊர் வரலாறுகளை எழுதும்போதும் நாம் இப்படித்தானே செய்கிறோம்? ஒரு பழைய உறுதியிலோ கல்லிலோ நமக்குப் பிடித்த ஒரு சொல்லைக் கண்டதும் ஆண்டைப் பார்க்க மறந்துவிடுகிறோம். பெருமைக்கு அவசரப்பட்டவன் நானே என்பதால் மற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை.

அதற்காக அந்தத் துப்பாக்கியைப் பொய்யென்று ஒதுக்கிவிடவும் மனமில்லை. தன்னை ஆள வந்தவரின் கிரீடத்தையே ஒரு கொல்லர் ஏன் கொத்தினார்? வாங்குபவர்கள் அந்த முத்திரையைத்தான் நம்பினார்கள். ஆயுதம் மறுக்கப்பட்ட ஒரு சமூகம் எதிராளியின் ஆயுதத்தைத் தானே செய்துகொண்டது என்பதற்கு அது நேரடிச் சான்று. அந்தக் கதையை நான் எழுதியிருக்கலாம். கையில் இருந்ததை விட்டுவிட்டு, இல்லாத ஒன்றை எழுதினேன்.

படத்தின் பின்புறத்தில் அன்று 'மைவந்த், 1880' என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது அதை வெட்டிவிட்டு, 'எல்லைப்புறக் கொல்லர் செய்தது, 1906 என்று பொறித்துள்ளது' என எழுதியிருக்கிறேன்.