வற்றும் குளத்தில் தும்பி பார்ப்போம்

பங்குனி பிறந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குளங்கள் சுருங்கத் தொடங்கிவிடும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நிலம் இது. வழுக்கியாறுகூட மாரியில் மட்டும் ஓடி அடங்கிவிடுகிறது. சித்திரை, வைகாசியில் குளத்தின் நடுவே எஞ்சிநிற்கும் தண்ணீரையும் அதன் ஓரக் கோரைப்புல்லையும் நாடியே தும்பிகள் வருகின்றன. தும்பிகளை இனங்காணப் பழக விரும்புவோருக்கு இதைவிட வசதியான காலம் இல்லை. காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை கரையில் அசையாமல் நின்றால் போதும். வலை தேவையில்லை. கைத்தொலைபேசிக் கமரா போதுமானது. தொலைநோக்கி இருந்தால் நல்லது.

இலங்கையில் சுமார் 130 தும்பி இனங்கள் பதிவாகியுள்ளன. இந்தத் தீவுக்கே உரியவை பெரும்பாலும் ஈரவலயக் காட்டு ஓடைகளில் வாழ்பவை. வடக்குக் குளங்களில் காண்பவை ஆசியாவில் பரவலாக உள்ள இனங்கள்தான். அதற்காக அவற்றை அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. குளத்தின் நிலையை நமக்குச் சொல்பவை இவைதான்.

முதலில் இரு பெரும் பிரிவுகளைப் பிரித்தறிய வேண்டும். உட்காரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருப்பது தும்பி. அதன் பின்னிறக்கை முன்னிறக்கையைவிட அகலமானது. குச்சிபோல மெலிந்து, பெரும்பாலும் இறக்கைகளை முதுகின்மேல் மடித்து வைப்பது ஊசித்தும்பி. அதன் இரு கண்களும் தலையின் இரு பக்கமும் விலகி நிற்கும். தும்பிகளில் பெரும்பாலானவற்றின் கண்கள் நடுவில் தொட்டுக்கொள்ளும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவது நிறத்தில்தான். குளக்கரையில் முழுச் சிவப்பாக, முதுகில் மெல்லிய கறுப்புக் கோட்டுடன் இருப்பது குரோகோதெமிஸ் சேர்விலியாவின் ஆண். அதன் பெண் மங்கிய மஞ்சள். இளம் ஆணும் மஞ்சள்தான். மூன்றையும் மூன்று இனமென்று எழுதிவைத்த அனுபவம் எனக்கும் உண்டு. எனவே உடலின் வடிவம், உட்காரும் இடம், பறக்கும் விதம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொண்டு, நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள்.

வண்ணத்துப்பூச்சிபோலப் படபடத்து மிதந்தால், இறக்கையில் மஞ்சளும் கறுப்பும் கலந்திருந்தால், அது ரையோதெமிஸ் வேரிகேட்டா. பச்சையும் கறுப்புமாக, வயிற்றின் அடி பருத்து உடனே ஒடுங்கிப் புல்நுனியில் அசையாது இருப்பது ஓர்தெட்ரம் சபைனா. பொல்லாத வேட்டைக்காரன், மற்றத் தும்பிகளையே பிடித்துத் தின்னும். தண்ணீரிலிருந்து தள்ளி, வளவு மண்ணில் கிடக்கும் சிறிய சாம்பல்நீலத் தும்பி டிப்ளகோடஸ் ட்ரிவியாலிஸ். சீமெந்துத் தொட்டிச் சுவரில், அந்தச் சுவரின் நிறத்திலேயே ஒட்டியிருப்பது பிராடினோபிகா ஜெமினாட்டா. பறந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். பொழுதுபட்டபின் தாழப் பறந்து திரிவது தோலிமிஸ் தில்லார்கா. ஆணின் பின்னிறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சிடும்.

ஊசித்தும்பிகளுக்குக் குனிந்து பார்க்க வேண்டும். மஞ்சள் வயிறும் பச்சை சார்ந்த மார்பும் உள்ளது செரியாகிரியன் கோரமண்டலியானம். கறுத்த வயிற்றின் நுனியில் மட்டும் நீலம் இருந்தால் அது இஸ்னுரா செனகலென்சிஸ். உவர் கலந்த நீரையும் இது தாங்கும் என்பதால் களப்பு ஓரங்களிலும் தேடலாம்.

உச்சி வெயிலில் சில தும்பிகள் வாலை நேரே சூரியனை நோக்கித் தூக்கி நிற்பதைக் காண்பீர்கள். கோபமோ விளையாட்டோ அல்ல. உடலில் வெயில் படும் பரப்பைக் குறைத்துச் சூட்டைத் தவிர்க்கும் வழி அது. சிறுவயதில் அந்த வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவைத்தவர்கள் நாங்கள். இப்போது நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

பறக்கும் தும்பியைக் கண்டதால் மட்டும் அது அந்தக் குளத்தில் பிறந்தது என்று சொல்ல முடியாது, வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். கோரைத் தண்டுகளில் தண்ணீருக்குச் சற்று மேலே பாருங்கள். முதுகு பிளந்த, மண்நிறக் காய்ந்த கூடுகள் பற்றிக்கொண்டிருக்கும். நீருக்குள் வாழ்ந்த குடம்பி ஏறிவந்து கழற்றிய தோல் அது. குளம் தும்பியை வளர்க்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஓரப் புல்லை முழுவதும் வழித்து, கரையைச் செங்குத்தாகச் சீமெந்தால் கட்டிய குளங்களில் இந்தத் தோல்களைக் காண்பது அரிது. பல இனங்களின் குடம்பிகள் ஏறிவரவும், ஊசித்தும்பிகள் தண்டுக்குள் முட்டையிடவும் செடி வேண்டும். அழகுபடுத்துவதாகச் சொல்லிச் செய்யும் வேலை இந்த இடத்தில்தான் கெடுதலாகிறது. கரையின் ஒரு பக்கத்தையாவது சரிவாக, புல்லுடன் விட்டுவைக்கலாம்.

தண்ணீரின் தரத்துக்கும் ஒரு குறிப்பு உண்டு. செம்மஞ்சள் உடலும் அதே நிறத் திட்டுப் பரந்த இறக்கைகளும் கொண்ட பிராக்கிதெமிஸ் கொண்டாமினேட்டா, கழிவு கலந்த நீரிலும் பெருகும். அது இருப்பதால் மட்டும் குளம் கெட்டதென்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் முன்பு ஆறேழு இனம் பறந்த கரையில் இது ஒன்றே மிஞ்சினால், எங்கிருந்து என்ன கலக்கிறது என்று கேட்கவேண்டிய நேரம் அது.

தும்பிக் குடம்பிகள் நுளம்புக் குடம்பிகளைத் தின்பது உண்மை. அதனால் டெங்கு ஒழிந்துவிடும் என்று சிலர் சொல்வது மிகை. டெங்கு நுளம்பு பெருகுவது பெரும்பாலும் வீட்டுச் சுற்றாடலின் ரயர், சிரட்டை, பூச்சாடித் தட்டுகளில். அங்கே தும்பி வளர்வதில்லை. முற்றத்தை நாம்தான் துப்புரவாக்க வேண்டும்.

ஒரே குளத்துக்கு வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் சென்று, திகதி, நீர்மட்டம், கண்ட இனங்கள், தோல்களின் எண்ணிக்கை என நான்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரியாததைப் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் படமெடுத்து வையுங்கள். ஐப்பசி மழையோடு பொன்னிறத் தேசாந்தரித் தும்பியான பண்டாலா பிளாவெசென்ஸ் கூட்டமாக வந்திறங்கும். கடல் கடந்து பயணம் செய்யும் இனம் அது. அந்தக் கூட்டத்துக்கிடையில் உள்ளூர்க்காரரை எண்ணுவது சிரமம். கணக்கைக் கோடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.