பழஞ்சேலையும் பள்ளிச் சிறுமியும்

சுசித்ரா மத்தாய் 1973இல் கயானாவில் பிறந்தவர்; இப்போது அமெரிக்காவில் வாழ்கிறார். கெல்லி சின்னப்பா மேரி 1981இல் கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில் பிறந்தவர். இருவரும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்திய ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்கள். துணி, காகிதம், வண்ணம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கலை செய்பவர்கள். ஒரே வேரிலிருந்து வந்தும் இருவரின் படைப்புகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

மத்தாயின் முதன்மைப் பொருள் உடுத்திப் பழகிய சேலை. தாயுடையதும் உறவுப் பெண்களுடையதுமாகச் சேர்த்த சேலைகளைக் கிழித்து, முறுக்கி, பின்னி, சுவரளவு பெரிய நெசவாக்குகிறார். 2019இல் ஷார்ஜா பினாலே கலைக் கண்காட்சிக்கு அவர் செய்த படைப்பும் இப்படிப்பட்டதுதான். அருகே போய்ப் பார்த்தால் ஒருத்தியின் ஜரிகைக் கரை இன்னொருத்தியின் பூப்போட்ட முந்தானைக்குள் நுழைந்து வெளிவருகிறது. யாருடையது எது என்று பிரிக்க முடியாது. தையலும் பின்னலும் பாட்டிமார் வழி வந்த கைவேலை. ஐரோப்பியப் பழைய பூத்தையல் படங்களை வாங்கி, அவற்றிலுள்ள வெள்ளைப் பெண்களை மாநிறப் பெண்களாக மாற்றவும் செய்கிறார்.

சின்னப்பா மேரிக்கு அப்படி எடுத்துப் பின்ன எதுவும் வீட்டில் இருக்கவில்லை. தன்னை ஆப்பிரிக்க வம்சாவளி என்றே எண்ணி வளர்ந்தவர், இந்திய மூதாதையரைப் பற்றிப் பின்னாளில்தான் அறிந்துகொண்டார். அதனால் அவர் ஒரு சிறுமியைக் கற்பனையில் படைத்தார். பெயர் சான்பிரா. 1899இல் ஹெலன் பானர்மன் எழுதிய, கறுப்புச் சிறுவனும் புலிகளும் வரும் குழந்தைக் கதையிலிருந்து பிறந்த பெயர் அது. பள்ளி உடையில் நிற்கும் அவளுடைய தோலெங்கும் இலையும் கொடியும் படர்ந்திருக்கின்றன. ஓவியத்தில் வருகிறாள், காகிதக்கூழ்ச் சிற்பத்தில் வருகிறாள். கவிஞர் எமே செசேரின் 'தாயகம் திரும்புதலின் குறிப்பேடு' என்ற புகழ்பெற்ற கவிதைத் தலைப்பைப் புரட்டிப்போட்டு, 'திரும்ப முடியாமையின் குறிப்பேடு' என்று தன் வரிசைக்குப் பெயர் வைத்தார்.

இந்த வேறுபாட்டின் வேர் வரலாற்றில் இருக்கிறது. பிரிட்டிஷ் கயானாவுக்கு 1838 முதல் 1917 வரை ஏறக்குறைய 2,39,000 இந்தியர் வந்தனர், பெரும்பாலோர் கல்கத்தா வழியாக. கூட்டம் பெரிதென்பதால் சடங்கும் சமையலும் பாட்டும் தங்கின. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த குவாதலூப்புக்கு இந்தியரின் முதல் கப்பல் 1854இல் வந்தது. மொத்தம் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து போன தமிழர் அவர்களில் ஏராளம். மாரியம்மன் வழிபாடு அங்கே பிழைத்தது. ஆனால் பிரெஞ்சுப் பள்ளியும் கத்தோலிக்கத் திருச்சபையும் மொழியையும் நினைவையும் பெரிதும் கரைத்துவிட்டன.

மத்தாயின் நெசவு கண்ணைக் கட்டிப்போடும் அழகு. அந்த அழகே எனக்கு ஒரு தயக்கத்தையும் தருகிறது: அறுந்ததெல்லாம் மறுபடி ஒட்டிவிட்டது போன்ற ஆறுதலை அது தந்துவிடுகிறது. சான்பிரா அந்த ஆறுதலைத் தருவதில்லை. தொலைந்தது தொலைந்ததுதான் என்று ஒத்துக்கொண்டு, அந்த வெற்றிடத்தில் புதிய உயிர் ஒன்றை நிறுத்துகிறாள். இருவரில் சின்னப்பா மேரியே உண்மைக்கு நெருக்கமானவர் என்பது என் முடிவு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைக்க வேண்டும். கப்பல்கள் புறப்பட்ட ஊர்க்காரர்கள் அந்தச் சிறுமியை நேரில் பார்க்கட்டும்.