எண்ணாயிரத்துக் கல்லூரியும் திருவாய்மொழியும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பெருவழிக்கு மேற்கே, எசாலத்தை அடுத்துள்ளது எண்ணாயிரம். சோழர் காலத்தில் இவ்வூர் இராஜராஜச் சதுர்வேதிமங்கலம். இங்குள்ள அழகிய நரஸிம்ஹப் பெருமாள் கோயில் இராஜராஜ விண்ணகர். இங்கு நடந்த வேதக் கல்லூரியின் விவரத்தை முதலாம் இராஜேந்திரனது கல்வெட்டு உரைக்கிறது. காலம் ஏறத்தாழ 1025. ஸம்ப்ரதாயக் கணக்கின்படி 1017இல் அவதரித்த எம்பெருமானாருக்கு அப்போது எட்டுப் பிராயம். இக்கல்லூரியை உபயவேதாந்தம் பயிற்றிய இடமாகக் கொள்ள நம்மவர் மனம் விழைவது இயல்பே. ஆயினும் கல்வெட்டு அதற்கு இடந்தரவில்லை.

இளைய மாணாக்கர் 270 பேர். ருக்வேதம் 75, யஜுர்வேதம் 75, சாந்தோக ஸாமம் 20, தலவகார ஸாமம் 20, வாஜஸநேயம் 20, அதர்வம் 10, போதாயன ஸூத்ரம் முதலியன 10, ரூபாவதாரம் 40. பௌத்தர் எனக் கருதப்படும் தர்மகீர்த்தி இயற்றிய இலக்கண நூலன்றோ ரூபாவதாரம்! விண்ணகரத்துப் பிள்ளைகள் பாணினியத்தை அதன் வழியே கற்றனர். எவரும் தடை சொன்னதாகத் தெரியவில்லை. மேல்நிலை மாணாக்கர் 70 பேர்: வ்யாகரணம் 25, ப்ராபாகர மீமாம்ஸை 35, வேதாந்தம் 10. ஆசிரியர் 14 பேர். இளையவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மூத்தவனுக்குக் குறுணி இரு நாழி, அதாவது 10 நாழி.

இப்பட்டியலில் திருவாய்மொழி இல்லை. அது கோயிலில் விண்ணப்பம் செய்வதற்கான நிவந்தத்தில் இருக்கிறது. ஸந்நிதியில் ஓதப்பட்டதேயன்றி, பொருள் விசாரத்துக்குரிய சாஸ்த்ரமாகப் பாடசாலைக்குள் அது இன்னும் புகவில்லை என்றே கொள்ள வேண்டும். எம்பெருமானார் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் ஆறாயிரப்படி அருளியபோதுதான், வேதவாக்யங்களுக்குப் பயன்பட்ட வ்யாகரண மீமாம்ஸா நியாயங்கள் தமிழ்மறைக்கும் எழுத்தில் பயன்பட்டன. கல்வெட்டிலுள்ள அந்த 35 மீமாம்ஸகர்களை அலட்சியம் செய்பவர் வ்யாக்யானங்களின் நடையை அறியமாட்டார்.

12ஆம் நூற்றாண்டில் ப்ரான்ஸ் தேசத்து லான் நகரப் பள்ளியைச் சார்ந்து வளர்ந்த விவிலிய உரை ஏடுகளில், நடுவே மூலமும், விளிம்பிலும் வரிகளுக்கிடையிலும் உரையும் எழுதப்பட்டன. நம் ஓலைகளில் அவ்வமைப்பு இல்லை. ஸந்தை சொல்லி மூலம் நெஞ்சில் நின்றபடியால், வ்யாக்யான ஏடுகள் பெரும்பாலும் பாசுரத்தின் ஆதிச்சொல்லை மட்டும் காட்டிப் பொருளுக்குள் நுழைகின்றன. பாடபேதம் ஆராய்வோர் உரையை மட்டும் கொண்டு மூலத்தை நிச்சயிக்க முற்படுவது இதனால் தகாது. மூல ஏடுகளையும் ஓதி வரும் பாடத்தையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

உரையும் நெஞ்சில் நின்றதுண்டு. நஞ்சீயர் தமது ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கத் தந்த ஏட்டைக் காவேரி வெள்ளம் கொண்டுபோயிற்று. வரதராஜர் கேட்டிருந்ததைக் கொண்டே மீண்டும் எழுதினார். சிலவிடங்களில் விசேஷார்த்தங்களையும் சேர்த்தார். அதைக் கண்ட நஞ்சீயர் உகந்து, “நம்பிள்ளை” என்று அவரை அழைத்ததாகப் பூர்வர்கள் அருளிச்செய்வர்.