மாகன்: ஓர் ஆட்சியும் இரு படிமங்களும்

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில், வாவிக்கரை ஊர்கள் பின்தங்கி வயலும் காடும் மேலோங்குமிடத்திற் கரடியனாறு உள்ளது. ஏறாவூர்ப்பற்றின் இவ்வுட்பகுதி மட்டக்களப்பு வரலாறு எழுதுவோரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்ததில்லை. ஆயினும் கிழக்கே வாவிக்கும் வடமேற்கே பொலன்னறுவைக்கும் இடைப்பட்ட நிலம் இதுவே. 2020 இற் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கெனச் சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டதன் பின்னர், குசலான்மலை போன்ற இப்பகுதிக் குன்றுகளும் இடிபாடுகளும் எவருக்குரியன என்னும் வினா மேலுங் கூர்மை பெற்றது. அவ்விவாதம் எழும்போதெல்லாம் தவறாது எழும் பெயர் மாகன். ஒரு சாராருக்கு அவன் பௌத்த நாகரிகத்தை எரித்த கொடியோன். மறு சாராருக்குத் தமிழராட்சியை நிலைநாட்டிய பெருவேந்தன். இவ்விரு படிமங்களும் எவரால், எவர் நலன் கருதி வரையப்பட்டன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலிங்க மரபினன் எனப்படும் மாகன் 1215 இல் 24,000 படைவீரருடன் இலங்கையில் இறங்கினான் எனச் சூளவம்சங் கூறும். அவன் வந்த கலிங்கம் மலாயாத் தீபகற்பப் பகுதியில் இருந்தது எனப் பேராசிரியர் பரணவிதான வாதிட்டார். அதனை ஏற்றோர் மிகச் சிலரே. இந்தியாவின் கிழக்குக் கரைக் கலிங்கமே பொருத்தமானது. பொலன்னறுவையில் அரசு செலுத்திய பராக்கிரம பாண்டியனைப் பிடித்துக் கண்களைப் பறித்த பின்னர், மானாபரணன் முதலானோர் மாகனுக்கு முடிசூட்டினர். அவன் 21 ஆண்டுகள் ஆண்டான். அவனுடைய இளமை, குடும்பம், அவைக்களம் என்பன பற்றி நூல்கள் எதுவும் உரைப்பதில்லை. அவன் செய்தவற்றையே, அதிலும் பகைவர் நினைவிற் பதிந்தவற்றையே, அவை கூறுகின்றன.

சூளவம்சத்தின் இப்பகுதி மாகனின் எதிரிகளாய் எழுச்சியுற்ற தம்பதெனிய மன்னரின் புகழைப் பாடும் நோக்கில் அமைந்தது. 1266 அளவில் எழுந்த பூசாவலியின் ஆசிரியரும் அவ்வரசின் ஆதரவு பெற்ற பிக்குவே. மாகனைக் காட்டுத்தீயாகவும் இலங்கையை அத்தீயிற்பட்ட பெருங்காடாகவும் சூளவம்ச ஆசிரியர் உருவகிக்கின்றார். உருவகத்தை விடுத்து, அவர் தரும் இழப்புகளின் பட்டியலை நோக்குவது பயன் தரும். ஊர்கள், வயல்கள், வீடுகள், தோட்டங்கள், அடிமைகள், மாடுகள், எருமைகள் என்பன கேரள வீரர் கைக்கு மாறின. விகாரைகளும் பிரிவெனாக்களும் படைவீரரின் உறைவிடங்களாயின. சுவடிகளின் கயிறறுத்து ஏடுகளைச் சிதறடித்தனர் என்றும் அவர் கூறுகின்றார். ஏடு சிதறியதற்கு வருந்துவதற்கு ஒருவர் பௌத்தராயிருக்க வேண்டியதில்லை. இக்கொடுமைகள் முழுவதுங் கற்பனை என ஒதுக்கும் தமிழ் எழுத்தாளர், வரலாற்றுக்கும் தமிழுக்கும் நன்மை செய்தவராகார்.

ஆனால் தீப்பற்றுமுன்னரே காடு காய்ந்திருந்தது என்பதை அந்நூல் அழுத்திக் கூறவில்லை. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) பெருங்குளங்களும் கடல்கடந்த போர்களும் குடிமக்களின் உழைப்பையும் விளைவையும் பெருமளவு உறிஞ்சியவை. 1196 இல் நிசங்கமல்லன் இறந்ததிலிருந்து மாகன் வரும் வரை, இருபது ஆண்டுகளுக்குள், பத்துக்கு மேற்பட்ட முறை அரியணை கைமாறியது. மூன்று மாதக் குழந்தையான தர்மாசோகனுக்கும் முடிசூட்டினர். லீலாவதி மும்முறை அரசியாக்கப்பட்டாள். அநிகங்கன் 1209 இற் சோழநாட்டுப் படையுடன் வந்தான். மாகனாற் கண்ணிழந்த பராக்கிரம பாண்டியனும் 1212 இற் பாண்டிநாட்டிலிருந்து வந்து அரசைக் கைப்பற்றியவனே. சேனாபதிகள் தம் விருப்பப்படி மன்னரை ஏற்றியும் இறக்கியும் வந்த அக்காலத்தில், கூலிப்படையோடு வந்து முடிசூடுதல் புதுமையன்று. மாகன் அவ்வழக்கத்தின் உச்சம் எனலாம்.

இனப்பகை என்னும் இன்றைய அளவுகோலும் இங்குப் பொருந்துவதில்லை. பொலன்னறுவையிலுள்ள 12 ஆம் நூற்றாண்டு வேளைக்காரர் கல்வெட்டு தமிழில் எழுதப்பட்டது. தந்ததாதுவின் கோயிலைக் காக்குங் கடமையைத் தமிழ்ப் படையினர் ஏற்றதை அது கூறுகின்றது. மறுபுறம், சோழரும் கேரளரும் இலங்கையை ஆளத் தகார் எனப் பொறித்த நிசங்கமல்லன் தன்னைக் கலிங்க வம்சத்தவன் என்றே பெருமையுடன் கூறிக்கொண்டான். பிறப்பால் மாகனும் அவ்வம்சத்தவனே. பிக்குகள் மாகனிடங் குற்றங்கண்டது பிறப்பிலன்று. அவன் கைக்கொண்ட சமயத்திலும், விகாரைகளின் உடைமையை அவன் பறித்ததிலுமே.

இங்கு ஓர் ஒப்பீடு உதவக்கூடும். மாகன் இலங்கையில் இறங்கிய அதே 1215 இல், இங்கிலாந்தின் மகாசாசனம் வேல்சு நாட்டு இளவரசன் லிவெலின் அப் யோர்வெர்த்தின் மகனை விடுவிக்குமாறு மன்னனைக் கட்டுப்படுத்தியது. குவினெத் நாட்டை ஆண்ட லிவெலினும் உறவினரை வென்றே அரசெய்தியவன், அயல்நிலங்களைக் கொள்ளையிட்டவன். ஆனால் அவன் சிசுடெர்சியத் துறவியரைப் பேணினான். 1240 இல் அவர்களுடைய அபெர்கான்வி மடத்திலேயே இறந்து அங்கேயே அடக்கமானான். வேல்சு இளவரசரின் வரலாற்றேடுகளை எழுதிக் காத்தோரும் அத்தகைய மடத்துறவியரே. அவன் ‘பெருமகன்’ எனப் பெயர்பெற்றான். மடங்களைப் படைவீடாக்கிய மாகன் அப்பேற்றை எதிர்பார்த்திருக்க இயலாது.

மாகனின் படைநிலைகளைச் சூளவம்சம் வரிசைப்படுத்துகின்றது. பொலன்னறுவை, கொட்டியாரம், கந்தளாய், பதவியா, மாதோட்டம், மன்னார், ஊர்காவற்றுறை முதலியன அவை. குளங்கள், துறைமுகங்கள், அவற்றை இணைக்கும் வழிகள் ஆகியவற்றை இறுகப் பிடித்த ஓர் அரசு இதிற் புலப்படுகின்றது. வெறுங் கொள்ளைக்காரன் 21 ஆண்டுகள் இவ்வாறு அரண்காத்து அமர்ந்திரான். ஆயின் மட்டக்களப்பு என உறுதியாகக் கொள்ளத்தக்க பெயர் அப்பட்டியலில் இல்லை. அதற்குத் தெற்கே கோவிந்தமலையில் புவனேகபாகு என்னும் அதிபாதன் அரணமைத்து உரோகணத்தைக் காத்தான். மணிமேகலை எனப்பட்ட மினிப்பே அருகிற் சங்கன் என்னும் சேனாபதி நிலைகொண்டான். எனவே கரடியனாறு அடங்கிய மட்டக்களப்பு உட்பகுதி, மாகனின் அரண்வரிசைக்கும் அவனை எதிர்த்தோரின் மலையரண்களுக்கும் இடைப்பட்ட எல்லைப்புறமாயிருந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

ஆட்சியின் முடிவைச் சுருங்கக் கூறலாம். 1232 அளவில் மூன்றாம் விசயபாகு மாயரட்டையை மீட்டான். அவன் மகன் இரண்டாம் பராக்கிரமபாகு (1236–1270) மாகனின் படைகளைப் பின்வாங்கச் செய்தான். மாகன் 1236 உடன் மறைந்தானா, வடக்கிற் சில காலம் நிலைத்தானா என்பதில் அறிஞர் வேறுபடுவர். யாழ்ப்பாண அரசின் தோற்றத்தை அவனோடு இணைத்தோரும் உளர். அவனது இறப்பைச் சூளவம்சம் பதிவு செய்யவில்லை. அத்துணை வெறுத்த பகைவனின் சாவைக் கொண்டாடாது விட்டமை, அது அந்நூலார் கண்ணெதிரே நிகழவில்லை என்பதையே காட்டும்.

இனி மட்டக்களப்பு நூலுக்கு வருவோம். எவ். எக்ஸ். சி. நடராசா 1962 இற் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ அவனை மாகோன் என அழைக்கும். இம்மாகோன் தீயன்று, நெறிவகுத்த வேந்தன். வன்னிமைகளை வகுத்தவனும், குலந்தோறுங் கடமை விதித்தவனும், கோயிற் பணிக்குச் சிறைக்குடிகளை நியமித்தவனும் அவனே. 1964 இல் வெளிவந்த பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ முதல் இன்றைய மேடைப்பேச்சு வரை மாகோனின் புகழ் இவ்வூற்றிலிருந்தே பெருகியது. மான்மியம் பிற்காலத்துத் தொகுப்பு. வெவ்வேறு காலத்து ஏட்டுச் செய்திகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. 13 ஆம் நூற்றாண்டுக்கு அதனை நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் இயலாது. ஆனால் அது எதற்குச் சான்று என வினவினால் விடை தெளிவு. திருக்கோவில், கொக்கட்டிச்சோலை முதலிய தேசத்துக் கோயில்களில் எவருக்கு முதல் மரியாதை, எவருக்கு எப்பங்கு, எவர் தொண்டு செய்வோர் என்னும் ஒழுங்குக்கு அது உரிமைச்சாசனம். நிலமும் வன்னிமையும் பெற்ற குலங்கள் தம் மேன்மைக்கு ஒரு மூலவேந்தனை வேண்டின. மாகோன் அவ்விடத்தை நிரப்பினான்.

மரபை முற்றாகப் பொய் எனத் தள்ளுதலுந் தகாது. சூளவம்சம் மாகனின் படைவீரரைக் கேரளர் என்றே மீண்டும் மீண்டும் அழைக்கின்றது. மட்டக்களப்பு முக்குவரிடையே குடிவழி தாயைத் தொடர்ந்து வருவதும், கேரளத்து மருமக்கட்டாயத்தோடு அது கொண்ட ஒப்புமையும் நெடுங்காலமாய் ஆய்வாளர் கவனத்தை ஈர்த்துள்ளன. அவ்வீரருள் ஒரு பகுதியினர் இங்குக் குடியேறியிருத்தல் நிகழக்கூடியதே. ஆனால் கடல்வழிக் குடியேற்றம் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தமையால், இவ்வழக்கம் முழுவதையும் ஒரே படையெடுப்பில் ஏற்றிவிடுதல் எளிமைப்படுத்தலாகும். வன்னிமை பற்றிய செய்தியும் அத்தகையதே. இரண்டாம் பராக்கிரமபாகுவின் காலத்திற் சிங்கள வன்னியரையும் சூளவம்சங் குறிப்பிடுகின்றது. பெருங்குளங்களை நிருவகித்த மைய அரசு தளர்ந்தபோது, காடும் சிறுகுளமுஞ் சார்ந்த தலைமைகள் இரு மொழியார் நடுவிலும் எழுந்தன. மான்மியம் ஒருவன் செயலாகக் கூறுவது, உண்மையில் ஒரு நூற்றாண்டின் சமூக மாற்றம்.

இவ்விரு நூல்களும் எதிரெதிர்த் திசையில் நிற்பன. எனினும் ஒரு செய்தியில் அவை உடன்படுகின்றன. அதனையே நம் ஆய்வாளர் போதிய அளவு கவனித்திலர். மாகன் காலத்தில் நிலமும், அந்நிலத்திற் பாடுபட்ட மனிதரும் கைமாறினர் என்பதே அச்செய்தி. வயலோடும் மாட்டோடும் சேர்த்து அடிமைகளையும் கேரளருக்குக் கொடுத்தான் எனச் சூளவம்சம் புலம்புகின்றது. சிறைக்குடிகளை அவரவர் பணிக்கு நியமித்தான் என மான்மியம் மகிழ்கின்றது. முன்னதில் உடைமையை இழந்தோர் பேசுகின்றனர். பின்னதில் உடைமையைப் பெற்றோர் பேசுகின்றனர். விகாரை வயலில் உழுதவனுக்குப் படைவீரன் வந்ததால் விடுதலை கிடைத்தது என எந்நூலுங் கூறவில்லை. நால்வருணங்களைக் கலந்தான் என மாகன்மேற் பழி சுமத்திய பிக்குவுக்கும், குலவரிசையை வகுத்தான் என அவனைப் போற்றிய மான்மியத்தாருக்கும் சாதி கலவாமை ஒன்றே நல்லாட்சியின் அடையாளமாய் இருந்தது.

கிறித்தோபர் பிறிற்றோ 1876 இல் முக்குவர் சட்டத்தைத் தொகுத்து வெளியிட்டபோது, தாய்வழியே சொத்து எவ்வாறு இறங்கும் என்பதை விரிவாக எழுதினார். மாகோன் வகுத்ததாகக் கூறப்படும் ஒழுங்கில் நிலம் பெற்றோரின் வழித்தோன்றல்கள் அந்நூலில் உரிமை உடையோராய் இடம்பெற்றனர். அவ்வொழுங்கிற் சிறைக்குடிகளாய் நியமிக்கப்பட்டோர்க்குச் சொத்து இருக்கவில்லை. வாரிசுரிமை பேசும் நூலில் அவர்களுக்கு இடமும் இருக்கவில்லை.