சுரபுரத்து அப்பா

பிறமொழி வழங்கும் நாட்டில் நெடுநாள் வாழ்வோர்க்கு ஒரு வியப்பு நேர்வதுண்டு. அயலார் பேச்சின் இடையே நம் வீட்டுச் சொல் ஒன்று திடீரெனச் செவியில் விழும். கன்னட நாட்டில் 'அப்பா' என்பது அத்தகைய சொல். அச்சொல்லால் ஓர் இளவரசன் ஆங்கில இராணுவ அதிகாரி ஒருவரை அழைத்து வந்தான். அவ்வதிகாரியே பின்னாளில் புகழ்பெற்ற நூலாசிரியரானார். அவ்விருவர் வரலாற்றையும் ஈண்டுக் காண்போம்.

பிலிப் மெடோஸ் டெய்லர் 1808-ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரில் பிறந்தார். வணிக நிலையம் ஒன்றில் பணிபுரியவே பதினைந்தாம் வயதில் பம்பாய்க்கு அனுப்பப்பெற்றார். ஆங்கே எதிர்பார்த்த வாழ்வு கிட்டவில்லை. 1824-இல் ஹைதராபாத் நிஜாமின் படையில் சேர்ந்தார். கம்பெனியின் சொந்தப் படையினருக்கு இருந்த செல்வாக்கு அவருக்கு இல்லை. ஆயினும் மக்களோடு அவர்தம் மொழியிலேயே உரையாடப் பயின்றார். அப்பயிற்சியே அவரை எழுத்தாளராக்கியது எனலாம்.

வழிப்போக்கரிடம் நட்புப் பாராட்டிப் பின்னர்க் கழுத்தை நெரித்துக் கொன்றவர்கள் என்று கூறப்பட்ட தக்கர்களைப் பற்றி அவர் எழுதிய நாவல், 1839-இல் இங்கிலாந்தில் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. அமீர் அலி என்னும் தக்கன் தன் கதையைத் தானே கூறுவதாக அஃது அமைந்துள்ளது. தக்கரைப் பற்றி ஆங்கில ஆட்சி தீட்டிய சித்திரம் முற்றும் உண்மைதானா எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுற்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1841-இல் டெய்லர் சுரபுரம் என்னும் சிற்றரசுக்கு அனுப்பப்பெற்றார். இன்று அவ்வூர் கர்நாடகத்தின் யாத்கிர் மாவட்டத்தில் உள்ளது. அரசன் வேங்கடப்ப நாயகன் அப்போது சிறுவன். அவன் சார்பில் ஆட்சியை மேற்பார்த்த டெய்லர், வரவு செலவை ஒழுங்குபடுத்தினார், ஏரிகளைச் சீர்செய்வித்தார். தந்தையற்ற அச்சிறுவன் அவரை 'அப்பா' என்றே அழைத்தான். 1853-இல் அரசு அவன் கையில் ஒப்படைக்கப்பட்டது. டெய்லர் வேறிடம் சென்றார்.

1857-இல் வடநாட்டில் மூண்ட கிளர்ச்சியின் பொறி தெற்கேயும் பரவிற்று. 1858 பிப்ரவரியில் வேங்கடப்ப நாயகன் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் தொடுத்துத் தோற்றான்; ஹைதராபாத்தில் பிடிபட்டான். சிறையில் அவனைக் காண டெய்லர் சென்றார். வளர்த்த பிள்ளை ஒருபுறம், உண்ட சோற்றுக்குரிய ஆட்சி மறுபுறம். எப்பக்கம் பேசுவார்? மரண தண்டனை முதலில் நாடு கடத்தலாகவும், பின்னர் நான்காண்டுச் சிறையாகவும் குறைக்கப்பட்டது. சிறையிருக்கக் குறிக்கப்பெற்ற இடம் நம் செங்கற்பட்டுக் கோட்டை. ஆனால் அரசன் செங்கற்பட்டை அடையவேயில்லை. வழியில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். தன் கையாலேயே மாண்டான் என்று டெய்லர் எழுதிவைத்தார். அவ்வரசும் 1860-இல் நிஜாமுக்குச் சென்றது.

அவ்வாண்டிலேயே உடல்நலிவால் டெய்லர் தாய்நாடு திரும்பினார். வாளை வைத்துவிட்டு எழுதுகோலை ஏந்தினார். 'தாரா' (1863), 'ரால்ஃப் டார்னெல்' (1865), 'சீதா' (1872) என்னும் மூன்று நாவல்களை இயற்றினார். முறையே 1657, 1757, 1857 ஆகிய ஆண்டுகளை அவை களமாகக் கொண்டவை. மராட்டியர் எழுச்சி, பிளாசிப் போர், பெருங்கிளர்ச்சி என மூன்று திருப்பங்களை நூறாண்டு இடைவெளியில் நிறுத்திக் காட்டினார். 1876-இல் பிரான்சு நாட்டின் மென்டோன் நகரில் காலமானார். அவர்தம் வாழ்க்கை வரலாறு மறு ஆண்டில் வெளிவந்தது.

சுரபுரத்து இளைஞனின் இறுதி நாட்களை அந்நூல் கனிவோடு விவரிக்கிறது. எனினும் நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பா நூல் எழுதினார், மகன் எழுதவில்லை. அன்பும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தபோது, அக்கையை அவன் எவ்வாறு உணர்ந்தான்? அவன் ஏன் போர்க்கொடி உயர்த்தினான்? அவ்வினாக்களுக்கு அவனுடைய விடை ஏட்டில் இல்லை. அவன் செயலில்தான் உள்ளது. கன்னட நாடு இன்று அவனை விடுதலை வீரனாகப் போற்றுகிறது. டெய்லர் வாழ்ந்த மாளிகையும் அவன் ஊரிலேயே நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே வரலாற்றைப் படிப்பதாகும்.